வயசாகாத பேனல்

"மேடம்... உங்க தம்பி கொலை பண்ணிட்டாரு!"

போனில் கேட் செக்யூரிட்டியின் குரல் உதறியது.

"யாரை?" என்றாள் அவள்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. 'என் தம்பியா? இருக்கவே இருக்காது' என்றல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? கூடப் பிறந்த அக்காவே "யாரை?" என்று கேட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா!

ஆனால் தம்பியின் கோபம் அப்படிப்பட்டது.

"சூப்பர்வைசரை மேடம்! எட்டாவது வரிசைல... மண்டை உடைஞ்சு..."

மீதியைக் கேட்க அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள்.

அது ஒரு சோலார் மின் நிலையம். வரிசை வரிசையாகப் பேனல்கள். பன்னிரண்டு வருடமாக வெயில் காய்கின்றன. அந்த வெயிலில்தான் அவள் குடும்பமும் பிழைத்தது. அவள் அங்கே டெஸ்டிங் இன்ஜினீயர். எந்தப் பேனலுக்கு எவ்வளவு வயசாகியிருக்கிறது என்று அளந்து சொல்வது வேலை. அவள் கணவன் மெயின்டனன்ஸ் ஹெட். தம்பி, பேனல் கழுவுகிறவன். நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் பிரஷ்ஷை மாட்டி, தண்ணீரை அடித்துத் தேய்ப்பான்.

எட்டாவது வரிசையில் போலீஸ் கூட்டம்.

சூப்பர்வைசர் குப்புறக் கிடந்தார். தலைக்குக் கீழே மண் கறுத்திருந்தது. பத்தடி தள்ளி தம்பி... இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே!

"அக்கா! நான் பண்ணல அக்கா!"

"நீ வாயை மூடு!" என்றார் இன்ஸ்பெக்டர். சூயிங்கத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்கதான் அக்காவா? நேத்து மத்தியானம் உங்க தம்பியும் செத்தவரும் சட்டையைப் புடிச்சுக்கிட்டாங்க. பாத்தவங்க நிறையப் பேரு. இன்னிக்குக் காலையில இவரு பிணம். உங்க தம்பியோட கம்பு அவன் ரூம்லயே இருக்கு. நல்லாக் கழுவி வச்சிருக்கான். ஆனா பாருங்க... பிரஷ்ஷுக்கு அடியில ரத்தத்தைக் கழுவ மறந்துட்டான்."

"நான் கழுவல சார்! கம்பை இங்கயே போட்டுட்டுப் போயிட்டேன்!" தம்பி அலறினான்.

"சண்டை எதுக்குடா?" அவள் கேட்டாள்.

"இந்த வரிசையைக் கழுவ மாட்டேன்னு சொன்னேன் அக்கா. தண்ணி பட்டா ஷாக் அடிக்குது! சொன்னா, சோம்பேறி, சாக்கு சொல்றேன்னு திட்டுனாரு. கோவத்துல கம்பைப் போட்டுட்டுப் போயிட்டேன். சாயங்காலம் எடுக்கலாம்னு வந்தா... இவரு இப்படிக் கெடக்காரு. மேல ஒரு பேனல் கண்ணாடி சுக்குநூறா ஒடைஞ்சு கெடந்துச்சு. பயந்து ஓடிட்டேன்."

"ஒடைஞ்ச பேனலா? எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வரிசை முழுக்கப் பேனல்கள் புழுதி படிந்து, ஆனால் முழுசாக இருந்தன. ஒரு கீறல் கூட இல்லை!

"கண்ணாடி தானா ஒட்டிக்கிச்சா தம்பி?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏத்துங்கய்யா ஜீப்ல!"

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் தோளில் ஒரு கை விழுந்தது. கணவன்! வியர்த்து வழிந்திருந்தான்.

"கவலைப்படாதே. பெரிய வக்கீலாப் பாத்து வைக்கலாம். வா, உக்காரு."

உட்காருவதா? அவளால் ஓர் இடத்தில் நிற்கவே முடியவில்லை. நகத்தைக் கடித்தாள். கடிக்க இனி நகம் இல்லை என்றானபோது நேராக டெஸ்டிங் ரூமுக்கு நடந்தாள். மீட்டர்களை அள்ளிக்கொண்டு எட்டாவது வரிசைக்கே திரும்பி வந்தாள்.

முதலில் மெக்கர். கரண்ட் வெளியே கசிகிறதா என்று பார்க்கிற கருவி. ஒவ்வொரு பேனலாகத் துடைத்து, தண்ணீர் தெளித்து வைத்துப் பார்த்தாள்.

எதிலும் கசிவே இல்லை!

அடப்பாவி... ஷாக் அடித்தது என்றானே! அதுவும் பொய்யா? உடைந்த பேனலும் பொய், ஷாக்கும் பொய். அப்படியென்றால்... கொலை மட்டும் நிஜமா?

இன்னொரு மீட்டரை எடுத்தாள். பேனல் எவ்வளவு சக்தி தருகிறது என்று அளப்பது. அன்றைய வெயிலுக்கும் சூட்டுக்கும் கணக்குப் போட்டு, புதுசில் நூறு தந்த பேனல் இப்போது எவ்வளவு தருகிறது என்று சொல்லிவிடும்.

தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று இரண்டு. தொண்ணூறு...

அடுத்த பேனல்.

நூறு!

அவள் மீட்டரைத் தட்டினாள். மறுபடி வைத்தாள்.

நூறு!

குனிந்து பின்பக்கம் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பேனல்களின் முதுகு பழுப்பேறியிருந்தது. இது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சரியாகச் சூப்பர்வைசர் கிடந்த இடத்துக்கு மேலே!

*

"பேனலுக்கு வயசாகுமா? என்னம்மா கதை விடுறீங்க?"

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் உட்காரவில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"ஆகும் சார். நம்மளை மாதிரிதான். வெயில்லயும் மழையிலயும் கெடந்து வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். ஒரே வரிசை, ஒரே வயசு. எல்லாம் தொண்ணூறுக்குப் பக்கத்துல நிக்குது. ஒண்ணு மட்டும் நூறுல இருக்கு. அப்ப அது புதுசு! என் தம்பி சொன்னது நெஜம். ஒடைஞ்சதை யாரோ கழட்டிட்டு ஸ்பேரை மாட்டியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

"யாரு மாட்டியிருப்பா?"

"கொலைகாரன்!"

அவளோடு வந்திருந்த கணவன் தொண்டையைக் கனைத்தான்.

"சார்... சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. அந்தப் பேனலை மாத்தினது நான்தான். போன வருஷம் ஆலங்கட்டி மழையில ஒடைஞ்சுது. ஸ்டோர்ல இருந்த ஸ்பேரை எடுத்து மாட்டினேன்."

அவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க... எனக்குச் சொல்லவே இல்லையே!"

"ஒரு பேனல் மாத்தினதை எல்லாமா வீட்ல வந்து சொல்வாங்க?"

இன்ஸ்பெக்டர் மறுபடி மெல்ல ஆரம்பித்தார். "பாருங்கம்மா, உங்க வீட்டுக்காரரே நேர்மையாச் சொல்றாரு. தம்பி பாசம் கண்ணை மறைக்குது. நாளை மறுநாள் கோர்ட். வக்கீலைப் பாருங்க."

கம்பிக்குப் பின்னாலிருந்து தம்பி கத்தினான். "மாமா! பொய் சொல்லாதீங்க மாமா! அந்தப் பேனல் நேத்து வரைக்கும் பழசுதான்! தினமும் தேய்க்கிறவன் எனக்குத் தெரியாதா?"

கணவன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைக் சாவியைத் தேடுவதுபோல் பாக்கெட்டைத் தடவினான்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. பக்கத்தில் அவனும் தூங்கவில்லை. இரண்டு பேரும் தூங்குவதுபோல் நடித்தார்கள். மின்விசிறி மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

*

மறுநாள் மத்தியானம். அதே பேனல்.

தொண்ணூற்று ஒன்பது.

'மீட்டர் கோளாறோ?' பக்கத்துப் பேனல்களை அளந்தாள். நேற்று தந்ததை அப்படியே தந்தன. மீட்டரில் கோளாறு இல்லை.

அதற்கு அடுத்த நாள். தம்பியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டிய நாள். காலையிலிருந்தே சுள்ளென்று வெயில். அவள் மீட்டரை மாட்டினாள்.

தொண்ணூற்று எட்டரை!

பக்கத்தில் உள்ளவை? அசையவில்லை!

பாடத்தில் படித்தது, லேபில் பார்த்தது, இத்தனை வருடம் மறந்தே போனது... இப்போது கன்னத்தில் அறைந்தது.

பேனல் எல்லா வயசிலும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பெட்டியிலிருந்து எடுத்து முதல்முதலாக வெயிலில் வைத்த சில நாட்களில் சட்டென்று கொஞ்சம் இறங்கும். அதோடு சரி. அப்புறம் வருடக்கணக்கில் ஆமை வேகம்தான். போன வருடம் மாட்டியிருந்தால் அந்த முதல் இறக்கம் எப்போதோ முடிந்து போயிருக்கும். இது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது!

அப்படியென்றால் இந்தப் பேனல் வெயிலைப் பார்த்தே மூன்று நாள்தான் ஆகிறது!

உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். "சார், கோர்ட்டுக்கு முன்னாடி இங்க வாங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க. ப்ளீஸ் சார்! அந்தப் பேனல் கொலை நடந்த அன்னிக்குத்தான் மாட்டினது. என்னால நிரூபிக்க முடியும்!"

போனை வைத்தாள். ஜெயித்துவிட்டாள்! தம்பி தப்பித்தான்!

ஒரு நிமிடம்...

போன வருடம் மாட்டியதாகச் சொன்னது யார்?

மீட்டரின் எண்ணை மறுபடி பார்த்தாள்.

"என்ன வந்துச்சு?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கணவன்! எப்போது வந்தான் என்றே தெரியவில்லை. அவன் கண் மீட்டரின் மேல் இருந்தது. அவனும் இந்தத் தொழிலில் ஊறியவன்தான். எண்ணைப் பார்த்தான். முகம் வெளிறியது.

"என்னங்க... இது எப்ப மாட்டினது?"

"அதான் சொன்னேனே. போன..."

"பொய்!" அவள் கத்தினாள். "மூணு நாளா இறங்குது! போன வருஷத்துப் பேனல் இப்படி இறங்குமா? சொல்லுங்க... சூப்பர்வைசரை எதுக்குக் கொன்னீங்க? கொன்னுட்டு எதுக்கு என் தம்பி தலையில கட்டினீங்க?"

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது.

தூரத்தில் கேட் அருகே புழுதி எழும்பியது. போலீஸ் ஜீப்!

"ஜீப் வந்துட்டிருக்கு. அதுக்குள்ள எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க!"

"நான் வாயைத் தொறந்தா உன் தம்பிக்குத் தூக்குடி!"

"என்னது?"

"நான் கொல்லல! அன்னிக்குச் சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்தேன். சூப்பர்வைசர் செத்துக் கெடக்கான். பக்கத்துல மச்சானோட கம்பு, ரத்தத்தோட. பேனல் ஒடைஞ்சு கெடக்கு. மத்தியானம் போட்ட சண்டையை ஊரே பாத்திருக்கு. கோவத்துல அடிச்சுட்டான்னு நெனச்சேன். வேற என்ன நெனக்கிறது? கண்ணாடியை ஒண்ணு விடாமப் பெருக்கினேன். பேனலை மாத்தினேன். புதுசுன்னு தெரியாம இருக்க மண்ணை அள்ளிப் பூசினேன். கம்பைக் கழுவி அவன் ரூம்ல வச்சேன். கால் தடுக்கி விழுந்து செத்தான்னு நெனச்சுக்குவாங்கன்னு பாத்தேன்!"

கழுவிய கம்பு... ஒளித்து வைத்த கம்பு... தம்பியின் கழுத்தில் விழுந்த கயிறே இவர் திரித்ததுதானா!

"அவன் ஒடைஞ்ச பேனல்னு சொன்னப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமேங்க!"

"தொறந்தா அதை எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. கம்பால அடிச்ச அடி அதுல பதிஞ்சிருக்கு. அவனுக்கு எதிரா நானே சாட்சி கொண்டு வந்து வைக்கணுமா? உன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஜீப் கிறீச்சிட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கினார். பின்னால் விலங்கு மாட்டிய கையோடு தம்பி.

"சொல்லுங்கம்மா! யாரு மாட்டினது?"

அவள் தம்பியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள்.

சொன்னால் புருஷன் உள்ளே. சொல்லாவிட்டால் தம்பி உள்ளே.

தம்பி அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா... நீ கூட நம்பலையா?"

அவ்வளவுதான். அவளுக்கு உள்ளே ஏதோ உடைந்தது.

"என் வீட்டுக்காரர்தான் சார் மாட்டினாரு," என்றாள். "ஒடைஞ்ச பேனல் எங்க வச்சிருக்கீங்கன்னு சாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. என் தம்பி அடிச்சிருந்தா அதுவும் தெரியட்டும். ஆனா அவன் அடிச்சிருக்க மாட்டான். மூணு நாள் லேட்டாச் சொல்றேன்... நான் நம்புறேன்!"

*

பழைய இரும்பு போடும் ஷெட். தார்ப்பாயைக் கணவன் விலக்கினான்.

கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலையாக விரிசல் விட்ட பேனல். சட்டத்தின் மூலையில் காய்ந்த ரத்தம்.

"ஆஹா!" என்றார் இன்ஸ்பெக்டர். "கம்பு பட்ட இடம் தெளிவாத் தெரியுது. தம்பி, இனிமே நீ தப்பிக்கவே முடியாது!"

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதுக்குத்தாண்டி சொல்லல..."

அவள் யாரையும் கவனிக்கவில்லை. பேனலைச் சுவரில் சாய்த்து, அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனலின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கும். கரண்டை உள்ளேயே வைத்துக்கொள்வது அதுதான். இந்தத் தோல்... குதிகால் பித்தவெடிப்பு மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது!

"தண்ணி!" என்றாள்.

கான்ஸ்டபிள் பாட்டிலை நீட்டினார்.

"குடிக்க இல்ல சார்!"

வெடிப்பின் மேல் ஊற்றினாள். மெக்கரை மாட்டினாள். முள் சரசரவென்று விழுந்து பூஜ்யத்தில் படுத்தது.

"கரண்ட் கசியுது சார்! பூஜ்யம்னா கரண்டைத் தடுக்க எதுவுமே இல்லன்னு அர்த்தம், இந்தச் சட்டம் முழுக்கக் கசியுது! தம்பி ஷாக்குன்னு சொன்னது இதைத்தான்!"

"நில்லுங்கம்மா. கண்ணாடி ஒடைஞ்சதால கசியலாமே?" இன்ஸ்பெக்டர் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"வெடிப்புக்குள்ள பாருங்க சார். அழுக்கு ஏறிக் கறுத்திருக்கு. மூணு நாள்ல இவ்ளோ அழுக்கு ஏறுமா? இதோ, சட்டத்துக்குப் பக்கத்துல கருகியிருக்கு பாருங்க. கரண்ட் பாஞ்ச இடம். சட்டத்தை மண்ணோட சேர்க்கிற எர்த் கம்பியும் துருப்பிடிச்சு அறுந்திருக்கு. எல்லாத்துக்கும் வயசாயிடுச்சு!"

"சரி... அப்ப சூப்பர்வைசர்?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ கம்பைப் போட்டுட்டுப் போனப்ப அவரு என்னடா சொன்னாரு?"

"நீ என்னடா கழுவுறது, இதோ நானே கழுவிக் காட்டுறேன், எங்க ஷாக் அடிக்குதுன்னு பாக்குறேன்னு கத்துனாரு அக்கா."

இன்ஸ்பெக்டர் பேனலின் பக்கம் குனிந்தார்.

"கழுவியிருக்காரு சார்," என்றாள் அவள் மெதுவாக. "ஈரக் கை. அலுமினியக் கம்பு. நல்ல வெயில் நேரம். கரண்ட் தூக்கி எறிஞ்சிருக்கு. கம்பு அடிச்சுக் கண்ணாடி ஒடைஞ்சிருக்கு. தலை இந்த மூலையில மோதியிருக்கு. அந்த ரத்தம்தான் பக்கத்துல கெடந்த கம்புலயும் பட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். பிணத்தை அறுத்த டாக்டரைப் பிடித்தார்.

"டாக்டர்... உள்ளங்கையைப் பாத்தீங்களா?... என்னது, தீக்காயமா?... சிகரெட் சுட்டதுன்னு நெனச்சீங்களா? நீங்க நல்லா நெனச்சீங்க போங்க!"

போனை வைத்தார். சூயிங்கத்தைத் துப்பினார். தம்பியின் கை விலங்கைக் கழற்றினார்.

கழற்றிய கையோடு அதைக் கணவனின் கையில் மாட்டினார்!

"சார்!" அவள் பதறினாள். "அவரு கொல்லலையே சார்!"

"யாருமே கொல்லலை. கொன்னது இந்தக் கெழட்டுப் பேனல். ஆனா தடயத்தை அழிச்சது, போலீஸுக்குப் பொய் சொன்னது, அதுக்கெல்லாம் கேஸ் உண்டும்மா. ஜாமீன் கெடைக்கும். இன்னிக்கு ஒரு நாள் என் விருந்தாளி."

தம்பி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கணவனின் முன்னால் வந்து நின்றான். அவன் மூக்கு விடைத்திருந்தது. 'அடிக்கப் போகிறான்' என்று அவள் பயந்தாள்.

"மாமா... நான் கொலைகாரன்னு எப்படி மாமா நெனச்சீங்க?"

"நெனச்சேன்தான்டா." கணவனின் குரல் உடைந்தது. "நெனச்சும், உன்னை விட்டுக் கொடுக்க மனசு வரல மச்சான்."

தம்பி பொல பொலவென்று அழுதுவிட்டான். விலங்கு மாட்டிய கையையே பிடித்துக்கொண்டு அழுதான்.

"நானும்தாங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்ச நேரம்... நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு நெனச்சேன்."

"தெரியும். கத்தின கத்தல் காதுல இன்னும் கேக்குது."

"சார்," தம்பி சட்டென்று இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினான். "மாமா மேல தப்பே இல்ல சார். பேனலை மாத்தச் சொன்னதே நான்தான்னு எழுதிக்கோங்க!"

"டேய்!" அவளும் கணவனும் ஒன்றாக அலறினார்கள்.

இன்ஸ்பெக்டர் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, தாயே! இனிமே உங்க குடும்பத்துல யாரும் யாரையும் தயவு செஞ்சு காப்பாத்தாதீங்க... என் லாக்கப் ரொம்பச் சின்னது!"